பனையோலையில் கறுப்புப் பிடித்துவிட்டது

பாய்க்கு இழைக்கும் பனையோலையில் கறுப்பு வந்துவிட்டது. கடையில் வாங்கும் தூள் சாயத்தின் நீலம் ஓடிய கறுப்பு அல்ல. கூரைக்குப் போடும் பழைய பனஞ்சிலாகையைச் சீவினால் மரத்தின் வைரத்தில் கோடு கோடாகத் தெரியுமே, அந்தக் கறுப்பு. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தாலும் துணியில் ஒட்டவில்லை. விறாந்தை வெயிலில் மாதக்கணக்காகப் போட்டு வைத்த துண்டுகளும் வெளுக்கவில்லை. கடுக்காய், கறள் (துரு) பிடித்த இரும்பு, பனங்கட்டி (பனை வெல்லம்), மழைத் தண்ணீர், இவ்வளவுதான் சரக்கு. பாய் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. ஆனாலும் இந்தச் சந்தோசத்தை அடக்கி வைக்க முடியவில்லை.

ஏன் கறுப்புத்தான் வேண்டும் என்று அடம் பிடித்தேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு வாங்கு (மர இருக்கை). யாழ்ப்பாணத்தில் கோப்பாய்ப் பக்கம் ஒரு பழைய நாற்சார் (நடுமுற்றம் வைத்த) வீட்டை உடைத்தபோது கழற்றிய சிலாகைகளை வாங்கி, ஹோலுக்கு ஒரு நீள வாங்கு செய்தேன். பச்சைப் பனை தறிப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும். எனக்குத் தறிக்கவே மனம் வராது. போர்க்காலத்தில் பங்கருக்கென்று போன பனைகள் போதும். கூரையில் பல வருசம் காய்ந்து இறுகிய மரம் கிடைக்கும்போது நிற்கிற மரத்தில் ஏன் கை வைக்க வேண்டும்? பனை மரத்துக்குத் தேக்குப் போல வளையங்கள் கிடையாது. நார் நாராக ஓடும் கறுப்புக் கோடுகளும் இடையில் மஞ்சள் கலந்த சதையும்தான். வெளிப்பக்கம் கோடுகள் நெருங்கி இரும்பு மாதிரி இருக்கும், உள்ளே போகப் போக மென்மையான சோத்தி. ஆணி அடித்தால் வெடிக்கும் என்பதால் முழுக்கத் துளை போட்டு போல்ட்தான். லின்சீட் எண்ணெய் பூசியதும் அந்தக் கோடுகள் எழும்பி வந்த அழகைப் பார்த்த பிறகு, அதன் முன்னால் கடையில் விற்கும் பூப்போட்ட பிளாஸ்ரிக் விரிப்பைப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. சோளகக் காற்றுத் தொடங்கினால் புழுதி முழுக்க அந்த விரிப்பில்தான் குடியிருக்கும். ஓலைப் பாய் என்றால் தூக்கி முற்றத்தில் உதறிவிட்டு வரலாம்.

ஆகவே திட்டம் இது. சிவப்புச் சீமெந்து நிலத்தில், வாங்குக்கு முன்னால், 6 அடிக்கு 4 அடி பனையோலை விரிப்பு. ஓலையின் இயல்பு நிறத்துக்கு நடுவே வாங்கின் கோடுகளைப் போல ஒழுங்கில்லாத கறுப்புக் கோடுகள். சில இடத்தில் இரண்டு நெருக்கமாக, சில இடத்தில் ஒன்று தனியாக.

ஓலை எடுப்பது, வார்வது (நாடா நாடாகக் கிழிப்பது) எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாயம் போடுகிற வார் குருத்தோலையாகவே (விரியாத இளம் ஓலை) இருக்கட்டும். சார்வோலையில் (விரிந்த பச்சை ஓலை) பச்சை போய்ப் பழுப்பு நின்றுவிடுகிறது. அதன் மேல் எந்த நிறம் ஏறினாலும் அழுக்காகத் தெரிகிறது. சார்வோலையை நான் அடிப்பக்கத்துக்கு வைத்துக்கொண்டேன். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஆச்சிதான் எனக்கு இழைக்கக் காட்டித் தந்தவர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு மரத்தில அடுத்தடுத்துக் குருத்து வெட்டக் கூடாது பிள்ளை. மரம் இளைச்சுப் போகும்." அதனால் நாலைந்து வளவுகளில் சொல்லி வைத்து, ஆளுக்கொரு குருத்தாகச் சேர்த்தேன்.

இனிக் கறுப்புக்கு வருவோம். இதில்தான் என் காலம் முழுக்கப் போனது.

முதலில் எனக்குத் தோன்றியது ஏடு. எங்கள் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தார்கள். கரி கீறலுக்குள் தங்கும், எழுத்துத் தெரியும். நூற்றாண்டு கடந்தும் அந்தக் கறுப்பு மங்குவதில்லை. ஆனால் கவனியுங்கள், கீறாத இடத்தில் கரி தங்காது என்பதால்தான் அந்த முறையே வேலை செய்கிறது. ஓலையின் மேல் ஒரு மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீரே உருண்டு ஓடும். அதன் மேல் கரி பூசினால் உட்காருகிறவர் கட்டியிருக்கும் சாரத்தில்தான் ஒட்டும். ஆகவே ஏட்டு வழி பாய்க்கு ஆகாது. நிறம் ஓலைக்குள்ளேயே உருவாக வேண்டும்.

அதற்கு இருக்கவே இருக்கிறது கடுக்காயும் இரும்பும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரித் துணிக்காரர் காலம் காலமாகச் செய்வது, ஐரோப்பாவின் பழைய எழுது மையும் இதே வகைதான். துணியில் சுலபம். ஓலையில்தான் வில்லங்கம்.

இரும்புத் தண்ணீரை முதலில் போட்டு வைக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பொறுமை வேண்டும். 1 கிலோ கறள் இரும்பு, 250 கிராம் பனங்கட்டி, 5 லீற்றர் தண்ணீர். கேற் செய்யும் பட்டறையில் நறுக்கு இரும்பு கேட்டால் சும்மாவே தருவார்கள், ஆனால் பெயின்ற் பட்டதையும் வெள்ளி நிறப் பூச்சு உள்ளதையும் தள்ளிவிடுங்கள். பனங்கட்டி புளித்துப் புளிப்பாக மாறும், அந்தப் புளிப்பு இரும்பைக் கரைக்கும். இதுதான் நடப்பது. சீனி போட்டாலும் புளிக்கும் என்று ஒருவர் சொன்னார். புளிக்கட்டும். பனையோலைக்குப் பனங்கட்டியே நிறம் கொடுப்பதில் எனக்கு இருக்கிற திருப்தி சீனியில் வராது. வாளியை இறுக்கி மூடாதீர்கள், வாயு கிளம்பும். மேலே ஒரு துணி கட்டினால் போதும். மூன்று கிழமை அளவில் நுரை அடங்கி, புளித்த மணம் வரும். கடுக்காய்த் தண்ணீரில் நனைத்த கடதாசியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உடனே கறுத்தால் தயார்.

அடுத்தது மெழுகை எடுப்பது. சலவைச் சோடா கொஞ்சம் போட்டு, வார்ந்த ஓலையை அரை மணிக்கும் குறைவாகக் கொதிக்க விட்டு, நன்றாகக் கழுவ வேண்டும். எடுத்த வாரில் தண்ணீர் உருளாமல் பரவினால் மெழுகு போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் கொதித்தால் ஓலை மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். சோடாவைக் கூட்டி நேரத்தைக் குறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், விளிம்புகள் பிய்ந்து போகும்.

கடுக்காய்த் தூள் ஓலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 1 கிலோ ஓலைக்கு 200 கிராம். கொட்டை நீக்கியதாக வாங்குங்கள். யாழ்ப்பாணத்தில் மருந்துச் சரக்குக் கடைகளில் முழுக் கடுக்காயாகவே கிடைக்கிறது. நான் முழுதாக வாங்கி, உடைத்துக் கொட்டையை எறிந்துவிட்டு இடிக்கிறேன். தூளாக வாங்கினால் கொட்டையும் சேர்ந்தே அரைபட்டிருக்கலாம், துவர்ப்பு குறையும். இளஞ்சூட்டில் ஓர் இரவு முழுக்க ஊற விட்டு, நிழலில் காய வைக்க வேண்டும்.

பிறகு இரும்பு. இங்கேதான் மனதைக் கட்டிப் போட வேண்டும். வாரை முக்கியதும் சாம்பல் நிறம் வரும். "போதாது, இன்னும் கிடக்கட்டும்" என்று கை சொல்லும். விடக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துக் கொடியில் போடுங்கள். காற்றுப் பட்டால்தான் கறுக்கும், தண்ணீருக்குள் இருக்கும்போது முழு நிறமும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே வார் இரண்டு மடங்கு கறுத்திருக்கும். அதன் பின் கழுவி, மறுபடி கடுக்காய், மறுபடி இரும்பு. இரண்டு மெல்லிய கறுப்பு ஒன்றன் மேல் ஒன்றாக ஏறினால் ஆழமும் உண்டு, ஓலைக்கும் உயிர் இருக்கும். ஒரேயடியாக ஏற்றிய கறுப்பு கொஞ்ச நாளில் ஓலையைத் தின்றுவிடும், மீதமாக நிற்கிற இரும்பு நாரை அரித்துக்கொண்டே இருக்கும். பழைய ஐரோப்பியக் காகிதங்களில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிப் போயிருப்பதும் மையின் புளிப்போடு இப்படி மீந்த இரும்பும் சேர்ந்ததால்தான். ஆகவே கடைசியாக ஒருமுறை இளம் கடுக்காய்த் தண்ணீரில் அலசுகிறேன், கட்டுப்படாத இரும்பு அதில் பிடிபட்டுவிடும். பின்பு தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவல்.

இவ்வளவும் செய்தும் நெடுநாள் எனக்குக் கறுப்பு வராமல் மண்ணிறமே வந்துகொண்டிருந்தது. காரணம் தண்ணீர். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை, கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். அந்தச் சுண்ணாம்பு கடுக்காய்த் துவர்ப்பை முதலிலேயே பிடித்துக்கொள்கிறது போலும். கூரைப் பீலியில் இருந்து மழைத் தண்ணீர் பிடித்து, அதே கடுக்காய், அதே இரும்பில் செய்தேன். வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் நின்றது. கிணற்றுத் தண்ணீர் வார் செத்த தவிட்டு நிறம், மழைத் தண்ணீர் வார் கரும்பனை நிறம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வாங்கின் மேல் வைத்துப் பார்த்தபோது இரண்டாவது எது, மரம் எது என்று கொஞ்சம் தள்ளி நின்றால் பிரிக்க முடியவில்லை. மாரியில் பிடித்து வைத்த பீப்பாய்த் தண்ணீர் எனக்கு இப்போது பொன். கடைசிக் கழுவலை வேண்டுமானால் கிணற்றுத் தண்ணீரிலேயே செய்யலாம், பாதகமில்லை.

ஆச்சி ஒரு வாரை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வாயில் வைத்துக் கடித்தும் பார்த்தார். "உந்தக் கறுப்பு எங்கட காலத்தில இருக்கேல்ல பிள்ளை. நாங்கள் கடைச் சாயம்தான் அவிச்சனாங்கள். நல்லாத்தான் கிடக்கு" என்றார். அதை நான் பெரிய சான்றிதழாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இழைப்பு பாதி தாண்டிவிட்டது. கடகம் (ஓலைப் பெட்டி) மாதிரி இரட்டைப் பட்டாக (இரண்டு அடுக்காக) செய்கிறேன், மேலே சாயக் குருத்து, அடியில் சார்வு. ஒற்றைப் பட்டுப் பாய் சீமெந்து நிலத்தில் வழுக்கும், மூலை கிளம்பும். இரட்டைப் பட்டில் கனம் இருப்பதால் கிடந்த இடத்தில் கிடக்கிறது. இப்போது வந்திருக்கிற சிக்கல், கறுப்பு வார் சாதாரண வாரைவிட விறைப்பு. இரண்டையும் சேர்த்து இழைத்தால் கறுப்புக் கோடு ஓடுகிற இடத்தில் பாய் லேசாக மேடு தட்டுகிறது. ஆச்சியின் வழி, எல்லா வாரையும் ஒன்றாக முற்றத்தில் பரப்பி இராப் பனியில் பதப்படுத்தி, விடிய வெயில் ஏறுமுன் இழைப்பது. செய்து பார்த்தேன், மேடு பெரும்பாலும் அடங்குகிறது. பனி இல்லாத நாளில் ஈரச் சாக்குக்குள் சுற்றி வைக்கிறேன், ஆனால் பனியின் பதம் சாக்கில் வரவில்லை. சாக்கு ஈரம் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைவு.

இடையில் விளக்கு வேலையையும் தொடங்கிவிட்டேன், பாய் முடியட்டும் என்று இருக்க முடியவில்லை. கள்ளுச் சீவல் தொழில் செய்கிற ஒருவர் ஒரு கட்டுப் பன்னாடை (மட்டையின் அடியில் இருக்கும் வலை போன்ற நார்) கொண்டுவந்து தந்தார். அதைத் தும்புத் தூரிகையால் தேய்த்து, கழுவி, ஒரு பானையின் மேல் ஈரமாகச் சுற்றிக் காய வைத்தால் அதே உருவத்தில் நின்றுவிடுகிறது. உள்ளே எல்ஈடி பல்ப் மட்டும் போடுங்கள். பழைய குண்டு பல்ப் சூட்டுக்குப் பன்னாடை பற்றிக்கொள்ளும். நெசவு மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்த நாருக்கு எந்தக் கைவேலையும் தேவையில்லை, மரமே நெய்து தந்திருக்கிறது. ஒரு பன்னாடை போதாது, இரண்டைச் சேர்க்கும் தையல் மறைய வேண்டும். அதற்கு ஈர்க்கா, நாரா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அதற்கும் அப்பால் மனதில் இருப்பது சிவப்பு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கிண்டிய சாயவேர் அவர்களுடைய கும்பினிக்கு (வணிகக் கம்பனிக்கு) வருமானம் தந்த சரக்கு. கரையோர மணலில் வளர்கிற சிறு செடி, சாயம் இருப்பது வேரில். பருத்தித் துணியில் அந்தச் சிவப்பு நிற்பதற்குப் படிகாரத்தோடு சுண்ணாம்பும் வேண்டும். ஆக, கறுப்பைக் கெடுத்த எங்கள் கிணற்றுத் தண்ணீரே சிவப்புக்கு உதவக் கூடும். ஓலையில் ஏறுமா என்பதைச் செய்துதான் பார்க்க வேண்டும். கிண்டி எடுத்தால் செடி போய்விடும், அதனால் விதை எடுத்து வளவில் ஒரு மணற்பாத்தி போட்டு வளர்க்கவே விருப்பம். மணற்காட்டுப் பக்கமோ தீவுப் பகுதியிலோ சாயவேர்ச் செடியைக் கண்டவர்கள் இருந்தால் எந்த மாதத்தில் காய் முற்றுகிறது என்று சொல்லுங்கள். கைதடிப் பனை ஆராய்ச்சி நிலையத்திலும் ஓலைச் சாயம் பற்றி விசாரிக்கப் போக இருக்கிறேன்.

இப்போதைக்கு விளிம்புக்கு வேண்டிய நார் மட்டையில் இருந்து உரித்துத் தண்ணீரில் ஊறுகிறது. கடகம் பொத்துகிற (விளிம்பில் நார் வைத்துத் தைக்கிற) மாதிரியே விளிம்பைக் கட்ட வேண்டும். நாரையும் கறுப்பாக்குவதா, வெறுமனே விடுவதா என்று இரண்டு துண்டு செய்து வைத்திருக்கிறேன். வெறும் நார்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆச்சி கறுப்பு என்கிறார்.