செஸ்னாவுக்குச் சாயப்பட்டறை தேடிய அனுபவம்

நானும் இரண்டு நண்பர்களும் கூட்டாக வைத்திருக்கும் செஸ்னா 172 என்ற சிறு விமானம், கோலாலம்பூர் அருகே சுபாங்கிலுள்ள சுல்தான் அப்துல் அஜிஸ் ஷா விமான நிலையத்தில் நிற்கிறது. நாற்பது ஆண்டுகளைக் கடந்த அந்த விமானத்தின் சாயம் இறக்கைகளின் மேற்புறத்தில் பொடியாகக் கையில் ஒட்டத் தொடங்கியிருந்தது. அதைவிடக் கவலை தந்தவை, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளைச் சுற்றித் தெரிந்த சிறு கொப்புளங்களும், இரு தகடுகள் சேரும் ஓரங்களில் சாயத்துக்கு அடியில் நெளிந்தோடிய மெல்லிய மேடுகளும்தான். இழை அரிப்பு எனப்படும் இது சாயத்தில் விழும் சிறு கீறலிலோ தகட்டின் வெட்டு விளிம்பிலோ தொடங்கி, ஈரக் காற்றில் சாயத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையே ஊர்ந்து பரவும். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டியிருக்கும் கோலாலம்பூரில் அது தானாக நிற்கப்போவதில்லை. ஆகவே, பழைய சாயத்தின் மேல் புதிய சாயம் பூசினால் போதும் என்ற யோசனையை முதலிலேயே விட்டுவிட்டு, உலோகம் வரை உரித்துச் செய்யும் பட்டறையைத் தேடினோம்.

பூச்சோங்கில் கார்களுக்கு மிக அழகாகச் சாயம் அடிக்கும் ஒருவரைப் பலரும் பரிந்துரைத்தார்கள். அவருடைய கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காரின் எஃகுத் தகட்டில் வழக்கமாகச் செய்யப்படும் பல வேலைகள் விமானத் தகட்டைக் கெடுத்துவிடும். செஸ்னாவின் மேல் தகடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிமனுடையது. அதன் இரு முகங்களிலும், அரிப்பைத் தடுப்பதற்காக, தூய அலுமினியப் படலம் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு என்ற அளவில் ஒட்டப்பட்டிருக்கிறது. 0.6 மில்லிமீட்டர் தகட்டில் அது வெறும் 0.03 மில்லிமீட்டர். இயந்திரத் தேய்ப்பானை ஒரே இடத்தில் சற்று அழுத்திப் பிடித்தாலே அந்தப் பாதுகாப்பு போய்விடும். மேலும், வேலை முடிந்ததும் விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திட உரிமம் பெற்ற பொறியாளர் வேண்டும். தான் பார்க்காத வேலைக்கு எந்தப் பொறுப்புள்ள பொறியாளரும் கையெழுத்திட மாட்டார். எனவே மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தின் மேற்பார்வையில் நடக்கும் வேலையை மட்டுமே கருதுவது என்று மூவரும் முடிவு செய்தோம்.

தீபகற்பத்தின் வேறு விமான நிலையங்களிலும் சிங்கப்பூரின் செலேத்தாரிலும் விலை கேட்டோம். வந்த விலைகளில் மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் பாதியளவே இருந்தது. எதைச் சேர்த்திருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று வரிவரியாக ஒப்பிட்டபோதுதான் அந்த இடைவெளிக்குக் காரணம் புரிந்தது: குறைந்த விலை தந்தவர்கள் கதவுகளையும் இறக்கை நுனிகளையும் விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் அசையும் பரப்புகளையும் கழற்றாமல், இருந்த இடத்திலேயே மறைப்புக் காகிதம் ஒட்டிப் பூசுவதாகக் கணக்கிட்டிருந்தார்கள்.

பட்டறைகளுக்கு நேரில் செல்லுமுன், ஈப்போவில் ஓய்வு பெற்று வாழும் மூத்த பொறியாளர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டேன். "பளபளப்பைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க தம்பி. திருகாணித் தலையில இருக்கிற பள்ளத்தைப் பாருங்க. அதுக்குள்ள சாயம் நிறைஞ்சிருந்தா, அந்த மூடியைக் கழற்றாமலே அடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கலாம்" என்றார். புதிதாக முடித்த விமானத்தைக் காட்டச் சொல்வதைவிட, நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் முடித்த விமானத்தையும், இப்போது பாதி உரிந்த நிலையில் நிற்கும் விமானத்தையும் காட்டச் சொல்லும்படியும் அறிவுறுத்தினார். அவர் சொன்னவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தக் கடைசி அறிவுரையே.

பாதி உரிந்த விமானத்தின் அருகில் நின்றால் பட்டறையின் பழக்கம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. சாய நீக்கியின் ஆவியே அக்ரிலிக் கண்ணாடிகளில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கக்கூடும் என்பதால், நல்ல பட்டறையில் ஜன்னல்களை அலுமினியத் தாளாலும் உலோக நாடாவாலும் இடைவெளியின்றி மூடியிருப்பார்கள். கண்ணாடியிழையால் ஆன இறக்கை நுனிகளை வேதிப்பொருள் தொடாதபடி கழற்றி வைத்து, கையால் தேய்த்து உரிப்பார்கள். நான் சென்ற ஓரிடத்தில் மேசையின் மேல் எஃகுக் கம்பளிச் சுருள் கிடந்தது. அலுமினியத்தில் எஃகுத் துகள் பதிந்தால் அந்த இடத்திலேயே அரிப்பு தொடங்கும். இன்னொருவர் வெற்றுத் தகட்டில் சாதாரணப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு ஏற்படும் என்பது இத்துறையின் பால பாடம். அந்த இரண்டு இடங்களையும் பட்டியலிலிருந்து நீக்கினேன். அதற்காக எனக்கு வருத்தமில்லை.

எந்த நீக்கியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் நான் எல்லா இடங்களிலும் கேட்ட கேள்வி. மெத்திலீன் குளோரைடு கலந்தவை சில நிமிடங்களிலேயே சாயத்தைக் கொப்புளிக்க வைக்கும், ஆனால் பணியாளரின் உடல்நலத்துக்கு மிகவும் கேடானவை; அவற்றின் பெரும்பாலான பயன்பாடுகளை அமெரிக்கா 2024-இல் தடைசெய்தது. பென்சைல் ஆல்கஹால் வகைக்குப் பல மணி நேரப் பொறுமை தேவை. எதுவாயினும், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குகளிலிருந்து அதை முழுவதும் கழுவி வெளியேற்றும் முறை என்ன என்பதற்குத் தெளிவான பதில் வேண்டும். இடுக்கில் தங்கிய நீக்கி சில மாதங்கள் கழித்து வெளியே கசிந்து, புதுச் சாயத்தை உள்ளிருந்தே தூக்கிவிடும்.

எங்கள் வானிலைக்கென்று ஒரு தனிக் கேள்வியும் இருந்தது. இருகூறு பாலியூரிதேன் சாயத்தின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட், காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடை வெளிவிடுவதால், ஈரம் மிகுந்தால் மேற்பரப்பில் நுண்குமிழிகள் தோன்றும், பளபளப்பு மங்கும். தகட்டின் வெப்பநிலை, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியசாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. பிற்பகல் இடிமழைக்குப் பழகிய சுபாங்கில் இதைக் கண்மதிப்பில் விட முடியாது. நாங்கள் இறுதியில் தேர்ந்தெடுத்த பட்டறை, பூசும் அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒவ்வொரு பூச்சுக்கும் குறித்துவைத்த ஏட்டை, நாங்கள் கேட்காமலேயே எடுத்துக் காட்டியது.

தேர்வைத் தீர்மானித்தது அசையும் பரப்புகளைப் பற்றிய அவர்களுடைய பதில். இறக்கையிலுள்ள அய்லரான், வாலிலுள்ள எலிவேட்டர், ரடர் ஆகியவற்றில் கீலுக்குப் பின்னால் சேரும் ஒவ்வொரு கிராம் சாயமும் அவற்றின் சமநிலையை மாற்றும். பின்பக்கம் அளவுக்கு மேல் கனத்தால், குறிப்பிட்ட வேகத்தில் அந்தப் பரப்பு தானாக நடுங்கத் தொடங்கி, ஃப்ளட்டர் எனப்படும் அந்த நடுக்கம் சில நொடிகளில் அதைப் பிய்த்தெறியக்கூடும். ஆகவே அவற்றைக் கழற்றி, தனியே உரித்துப் பூசி, உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள அளவுகளுக்குள் சமநிலை இருக்கிறதா என்று சோதித்த பிறகே பொருத்த வேண்டும். "தேவைப்பட்டால் பார்த்துக்கொள்வோம்" என்றார் ஒரு பட்டறைக்காரர். நாங்கள் தேர்ந்தெடுத்தவரோ, சமநிலைச் சோதனைக்கான தாங்கியையும், முந்தைய விமானம் ஒன்றின் அளவுத்தாளையும் முன்னால் வைத்து விளக்கினார். அவருடைய விலை குறைந்ததன்று. இருந்தும் என் நண்பர்கள் இருவரும் அந்தத் தாளைப் பார்த்த பிறகு விலையைப் பற்றிப் பேசவேயில்லை.

ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்தோம். அலோடைன் எனப்படும் அரிப்புத் தடுப்பு வேதிப்பூச்சின் மேல் அடிக்கும் எபாக்சி ப்ரைமரும் (அடிப்பூச்சு) மேற்பூச்சும் ஒரே உற்பத்தியாளரின் வரிசையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். உரித்து முடிந்ததும், ப்ரைமர் அடிக்குமுன், எங்கள் பொறியாளர் வந்து தகட்டைப் பார்க்க வேண்டும். அரிப்பு கண்டால் அதன் சீரமைப்புக்குத் தனி விலை பேச வேண்டும். முடிவில் விமானத்தை எடைபோட்டு, எடை மற்றும் ஈர்ப்புமையத் தாளைப் புதுப்பிக்க வேண்டும். பதிவெழுத்துகளுக்கு ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பு (ICAO) தன் ஒப்பந்தத்தின் ஏழாம் இணைப்பில் வகுத்த அளவுகளை, அதாவது இறக்கையின் கீழ் 50 சென்டிமீட்டருக்கும் பக்கவாட்டில் 30 சென்டிமீட்டருக்கும் குறையாத உயரத்தை, வரைபடத்திலேயே குறித்தோம். நிறத்தைப் பற்றி நாங்கள் மூவரும் பேசிய நேரம் மிகக் குறைவு: வெள்ளை, நீலக் கோடு.

உரித்தபின் நடந்த பார்வையிடல்தான் இந்த முழுச் செலவிலும் மிகவும் பெறுமதியானது. இடது இறக்கையின் கீழ்த் தகட்டில் ஓர் இணைப்போரம் நாங்கள் எண்ணியதைவிட அதிகம் அரித்திருந்தது. அரித்த பகுதியை நீக்கியபின் மிஞ்சிய தடிமனைப் பொறியாளர் அளந்து, கையேடு அனுமதிக்கும் எல்லையைத் தாண்டியதால் அந்தச் சிறு பகுதிக்குப் புதுத் தகடு வைக்கச் சொன்னார். பட்டறை உள்ளூரிலேயே இருந்ததால் மறுநாளே மூவரும் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ள முடிந்தது. தொலைவில் விட்டிருந்தால் படங்களை மட்டும் நம்பியிருப்போம்.

விமானத்தைத் திரும்பப் பெறும் நாளில் நான் சாயத்தைவிடத் துளைகளையே அதிக நேரம் பார்த்தேன். 1996 அக்டோபரில் லீமாவிலிருந்து புறப்பட்ட ஏரோபெரு 603 விமானத்தில், கழுவும்போது, வெளிக் காற்றழுத்தத்தை உயரமானிக்கும் வேகமானிக்கும் கொண்டுசெல்லும் ஸ்டேட்டிக் துளைகளின் மேல் ஒட்டிய நாடாவை எடுக்க மறந்ததால், உயரமும் வேகமும் தவறாகக் காட்டப்பட்டு, அதில் இருந்த 70 பேரும் கடலில் உயிரிழந்தார்கள். எங்கள் விமானத்தில் கதவுக்கு முன்னால் இடப்புறமுள்ள ஸ்டேட்டிக் துளை, இடது இறக்கையின் கீழ் உள்ள, எதிர்க்காற்றின் அழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய், எரிபொருள் தொட்டியின் காற்றுக்குழாய், இறக்கையின் முன்விளிம்பில் உள்ள வேகக்குறைவு எச்சரிக்கைத் துளை, வால்பகுதியின் அடியில் நீர் வடியும் துளைகள் என ஒவ்வொன்றையும் பொறியாளரும் நானும் தனித்தனியே சரிபார்த்தோம். அய்லரான்களும் எலிவேட்டரும் கழற்றிப் பொருத்தப்பட்டவை என்பதால், கைப்பிடியைத் திருப்பும்போதும் முன்பின் தள்ளும்போதும் அவை சரியான திசையில் அசைகின்றனவா என்று ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று உரக்கச் சொல்லிச் சோதித்தோம். எரிபொருள் வகையையும் அளவையும் குறிக்கும் கட்டாய அறிவிப்பு ஒட்டிகளில் ஒன்று விடுபட்டிருந்தது. அதை ஒட்டிய பின்னரே பொறியாளர் கையெழுத்திட்டார். முதல் பறப்பில் பயணிகள் யாரையும் ஏற்றவில்லை.

முதல் சில வாரங்களுக்கு மெழுகு போடக்கூடாது, மென்மையான சோப்பும் தண்ணீரும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பட்டறையினர் சொன்னதை அப்படியே கடைப்பிடித்தோம். இடுக்குகளில் தங்கிய நீக்கி பின்னரே வெளிப்படும் என்பதால், சில மாதங்கள் கழித்து இணைப்போரங்களை அவர்களே வந்து பார்க்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். அப்படி வந்தபோது வலது இறக்கைத் தாங்கியின் மேல்மூடியில் ஒரு சிறு கொப்புளம் இருந்தது. அந்த மூடியைக் கழற்றிக் கொண்டுபோய், மறுபடி உரித்துப் பூசி, கட்டணம் வாங்காமல் பொருத்திக் கொடுத்தார்கள்.