சக்கரத்துக்கு மேலே ஒரு கால்

நண்பர் தன் தாத்தாவின் ஆல்பத்திலிருந்து ஒரு படம் அனுப்பி, "இது என்ன விமானம்?" என்று கேட்டார். மூன்று இரவுகள் அதோடுதான் இருந்தேன்.

மேலே ஒற்றை இறக்கை, மூடிய அறை, மூக்கில் ஒரே எஞ்சின். பிரிட்டனின் டி ஹாவிலாண்ட் நிறுவனத் தயாரிப்பு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் 1929-இல் முதலில் பறந்த 'புஸ் மாத்' வகையா, 1933-இல் வந்த 'லெப்பர்ட் மாத்' வகையா? பதிவெண்ணில் 'விடி' மட்டும் மிச்சம். சரி, இந்தியப் பதிவு. அதற்கு மேல் உதவாது.

விடை சக்கரத்தில் இருந்தது. புஸ் மாத்தில் சக்கரத்தைத் தாங்கும் நீண்ட கால், இறக்கை உடலோடு சேரும் இடம் வரை மேலே ஏறும். லெப்பர்டில் அது எஞ்சினுக்குப் பின்னால் கீழேயே முடிந்துவிடும். படத்தைப் பெரிதாக்கினேன். கதவருகே நிற்பவரின் தோளுக்குப் பின்னால் அந்தக் கால் மேலே போகிறது. புஸ் மாத்!

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தது இந்த வகை விமானத்தில்தான். அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு எடுத்து வந்தார்.

நண்பரின் அடுத்த படத்தில் வால் மட்டும்தான் தெரிகிறது. இன்றிரவு அதுதான் வேலை. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களில் விமானம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.