உள்ளறையும் வைட்டமின் டி-யும்

புழுவெட்டு, வெண்புள்ளி, சோரியாசிஸ் ஆகியவை, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் தோலையும் மயிர்க்கால்களையுமே தாக்குவதால் வருபவை. இந்நோயாளிகள் பலரிடம் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் குறைவு நோய்க்குக் காரணமா, நோய் கொண்டுவந்த வாழ்க்கையின் விளைவா என்று நான் யோசிக்கத் தொடங்கியது எங்கள் மதினியால்.

முக்கூடல் பக்கம் பிறந்து, சிறு வயதிலிருந்தே பீடி சுற்றியவர் அவர். பின்னந்தலையில் ஐந்து ரூபாய் நாணய அளவில் முடி கொட்டி வழவழவென்று ஒரு வட்டம் தெரிந்தபோது, பிச்சிப்பூவை வழக்கத்தைவிடத் தாழ்த்தி வைத்து மறைத்தார். இரண்டாவது வட்டம் வந்ததும் முந்தானை தலைக்கு ஏறியது. சடங்கு வீடு, வளைகாப்பு எல்லாம் நின்றன. மற்றப் பெண்களோடு திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றியவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். "சின்ன வெங்காயத்தை அரைச்சுத் தேயி, பூச்சி செத்துரும்" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். தோல் எரிந்ததுதான் மிச்சம். முடியைத் தின்னும் பூச்சி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

பரிசோதனையில் அவருடைய வைட்டமின் டி 11 நானோகிராம் என்று வந்தது. மில்லிலிட்டருக்கு 20-க்குக் கீழே போனாலே குறைபாடு என்பார்கள். திருநெல்வேலி வெயிலில் இப்படியா என்று வீட்டில் வியந்தார்கள். ஆனால் தோலில் இச்சத்தை உருவாக்கும் புற ஊதாக் கதிர் நேராக மேனியில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடியைக்கூட அது கடப்பதில்லை.

மருத்துவர் வாரம் ஒருமுறை 60,000 யூனிட் பொடி கொடுத்தார். அளவு ஏறியது, உடம்பு வலியும் குறைந்தது. முடிக்கு அது மட்டும் மருந்தாகாது என்பதை அவரே தெளிவாகச் சொல்லி, வட்டங்களில் தனியாக ஊசி போட்டார். அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், தினம் 2,000 யூனிட் வீதம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் எடுத்தவர்களுக்குத் உடல் தன்னையே தாக்கும் இவ்வகைத் தன்னெதிர்ப்பு நோய்கள் புதிதாக வருவது 22 விழுக்காடு குறைந்திருந்தது. அது வருமுன் காக்கும் கணக்கு, வந்ததைத் தீர்க்கும் கணக்கு அல்ல. இதை அறியாமல், மருத்துவர் சீட்டில் எழுதிய காலம் முடிந்த பின்னும் அந்தப் பொடியைத் தாமே வாங்கிச் சாப்பிடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மிகுந்துபோனால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

தோல் நோய் ஒருவரின் அன்றாட வாழ்வை எவ்வளவு குலைக்கிறது என்று அளக்க, கார்டிஃப் நகர மருத்துவர்கள் 1994-இல் 10 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். போன வாரம் வெட்கப்பட்டீர்களா, உடுத்தும் துணியை அது மாற்றியதா, வெளியே போவதைத் தடுத்ததா என்பது போன்ற எளிய கேள்விகள். மொத்த மதிப்பெண் 30. இரத்தம் எடுக்கும் முன்பே மதினியிடம் யாராவது இவற்றைக் கேட்டிருந்தால், அவர் வெயிலையே பார்ப்பதில்லை என்பதும், ஏன் பார்ப்பதில்லை என்பதும் அப்போதே தெரிந்திருக்கும். பொடியோடு சேர்த்து அதற்கும் ஒரு வழி சொல்லியிருப்பார்கள்.