எட்டு மாசமா ஒரே கட்டா

சனிக்கிழமை காலைல மரக்கத்தியை துணிப்பைல சுத்தி எம்ஆர்டி ரயில்ல ஏறினா பக்கத்து சீட் ஆளுங்க கிரிக்கெட் மட்டைன்னு நினைச்சுக்குவாங்க, நானும் திருத்துறதில்ல. இயாய்டோ, அதாவது உறைலருந்து கத்தியை உருவி வெட்டுற ஜப்பானியக் கலை, பழக ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. அகில ஜப்பான் கெண்டோ (வாள்சண்டை) சம்மேளனம் 1969ல இதுக்கு 7 கட்டா (வரிசை மாறாம செய்யுற அசைவுத் தொகுப்பு) வகுத்துச்சு, 1980ல 3, 2000ல 2 சேர்ந்து இப்போ மொத்தம் 12. நான் இன்னும் முதல் கட்டா 'மாஏ'லயேதான் நிக்கிறேன், சரியா சொன்னா மண்டி போட்டு உக்காந்திருக்கேன். அந்த செய்சா உக்காருறதுக்கே முட்டி கழண்டுடும், வீட்டுக்கு வந்தா அம்மா கோடாலித் தைலத்தோட ரெடியா இருப்பாங்க, "காசு குடுத்து முட்டி போடுறியேடா, ஸ்கூல்ல டீச்சர் சும்மாவே போட வெச்சாங்களே"ன்னு சிரிப்பு வேற.

உருவுறது கூட பரவால்லங்க, உறைல திருப்பிப் போடுற 'நோதோ' இருக்கே அதான் உயிரை வாங்குது. இடது கை கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் உறையோட வாயை லேசா மூடிப் பிடிக்கணும் (அந்த வாய்க்கு கொய்குச்சின்னு பேரு, கெண்டை மீன் வாய்னு அர்த்தம்), கத்தியோட முதுகு அந்த விரல் மேல வழுக்கிட்டே வந்து முனை தானா உள்ள விழணும், கண்ணு மட்டும் கீழ போகவே கூடாது, எதிரி இன்னும் முன்னாடி கிடக்கான்னு நினைப்பு. நான் பார்த்துடுவேன். ஒவ்வொரு தடவையும். சென்செய் (எங்க மாஸ்டர்) திட்டமாட்டார், "மறுபடி"ன்னு ஒரே வார்த்தை, அதுக்கு திட்டே தேவலாம்.

போன வாரம் மூணு தடவை குனியாம போட்டேன். நாலாவது தடவை விரல்ல குத்திக்கிட்டேன், நல்லவேளை மரக்கத்தி.