பக்கத்து மனையில் பாறை உடைத்தபோது

சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டுக்குத் தெற்கே நெடுங்காலம் காலியாகக் கிடந்த மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பப் போகிறது என்று தெரிந்தபோது, இரைச்சலும் தூசியும் வரும் என்று எதிர்பார்த்தே இருந்தோம். அவற்றைவிடப் பெரிய தொல்லையாக வந்தது பாறை. சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. அதன் அடிவாரத்தில் இருக்கும் நம் ஊரில் பல இடங்களில் சில அடி செம்மண்ணைத் தோண்டியதுமே பாறை தட்டிவிடும் என்பது கிணறு வெட்டியவர்களுக்கும் போர் போட்டவர்களுக்கும் தெரியும். அந்த மனையிலும் அடித்தளத்துக்கும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கும் குழி எடுக்க, பிரேக்கர் பொருத்திய வண்டியை வைத்துப் பாறையை உடைக்க வேண்டியிருந்தது. அன்று தொடங்கிக் கட்டடம் முடியும்வரை நாங்கள் செய்தவற்றில் எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மனையைச் சுற்றித் தகரத் தடுப்பு அடித்த வாரத்திலேயே, எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் வீட்டுக்கு வந்து, "சண்டையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி, மொதல்ல உங்க சுவத்தைப் போட்டோ எடுத்து வைங்க" என்றார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான, அப்பா கட்டிய வீடு. ஆங்காங்கே பழைய விரிசல்கள் உண்டு. அறை அறையாகச் சுவர்கள், மேற்கூரை, சன்னல் மூலைகள், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், சுற்றுச்சுவர் என அனைத்தையும் படம் எடுத்தோம். விரிசல் இருந்த இடங்களில் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்ததோடு, விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதியையும் எழுதினோம். படுக்கையறைச் சன்னலுக்கு மேலே ஒன்று, மாடிப்படிக்குக் கீழே ஒன்று என இரண்டு விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை வைத்து, இரு ஓரங்களையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் அவரே ஒட்டிக் கொடுத்தார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். விரிசல் பழையதா, இப்போது வளர்வதா என்ற வாதத்துக்கு அதைவிட மலிவான சாட்சி கிடையாது.

படங்களின் நகல்களை ஒரு கடிதத்துடன் இணைத்து, கட்டுமான நிறுவனத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதன் முகவரியை, வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் 'ரெரா' ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்தோம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் எட்டுக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி விற்பவர்கள் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். அனுமதி பெற்ற வரைபடமும் பணியை முடிக்க வேண்டிய தேதியும் அதிலேயே கிடைத்துவிட்டதால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு முப்பது நாள் காத்திருக்கும் வேலை மிச்சமானது. எங்கள் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஒப்புகை அட்டை வந்தது. அது போதுமானதாக இருந்தது.

பிரேக்கர் ஓடத் தொடங்கியதும் வீட்டுக்குள் முதலில் பேசியவை எவர்சில்வர் பாத்திரங்கள்தாம். ஸ்டாண்டில் அடுக்கியிருந்த தட்டுகள் ஒன்றோடொன்று உரசி மெலிதாக ஒலித்துக்கொண்டே இருக்கும். வண்டி நிற்கும்போதுதான் அந்த ஒலி இருந்ததே நமக்கு உறைக்கும். உடைப்பு வேலை எங்கள் சுற்றுச்சுவரை நெருங்கிய வாரத்தில், சன்னலுக்கு மேலிருந்த கண்ணாடித் துண்டு நடுவில் மயிரிழையாகப் பிளந்தது. பென்சில் கோட்டைத் தாண்டி விரிசல் ஒரு விரல் நீளம் நீண்டிருந்தது. தளப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, "இது பழைய விரிசல்தாங்க சார்" என்றார். தேதியிட்ட பழைய படத்தையும், அதை அவருடைய நிறுவனம் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டையையும் காட்டிய பிறகு பேச்சின் தொனி மாறியது. அந்த இளைஞரிடம் எனக்குக் கோபம் இல்லை; அவருக்கும் மேலே கணக்குக் கேட்பவர்கள் இருந்தார்கள்.

அவரிடம் நாங்கள் கேட்டது வேலையை நிறுத்துமாறு அல்ல, உடைக்கும் முறையை மாற்றுமாறுதான். சுற்றுச்சுவரை ஒட்டிய பகுதியில் வரிசையாக நெருக்கமான துளைகளைப் போட்டுவிட்டால், அதற்கு அப்பால் உடைக்கும் அதிர்வு இந்தப் பக்கம் வருவது குறையும். துளைகளுக்குள் விரிவடையும் இரசாயனத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், அது இறுகும்போது உப்பி, வெடியும் இடியும் இல்லாமல் பாறையைப் பிளக்கும். செலவு கூடும், நாளும் பிடிக்கும் என்று இழுத்தவர்கள், விரிசல் படங்கள் எந்நேரமும் வழக்கறிஞரின் கைக்குப் போகலாம் என்று உணர்ந்ததும் சுவரை ஒட்டிய பகுதிக்கு மட்டும் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். மாலையில் ஊற்றிய துளைகளின் இடையே மறுநாள் பாறை கோடு கிழித்தாற்போல் வாய் பிளந்திருந்தது.

இரவு வேலைதான் அடுத்த தகராறு. பிரேக்கர் வண்டி வாடகைக்கு வந்தது. வேறோர் இடத்தில் அடுத்த வேலை காத்திருக்கிறது என்று இரவு பதினொரு மணிக்கும் ஓட்டினார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அளவைக் காட்டிப் புகார் செய்ய, அதைவிடப் பத்து டெசிபலாவது மிகுந்திருக்க வேண்டும். கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை. பலருக்குத் தெரியாதது, 2010-இல் அந்த விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தம்: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் ஒலி எழுப்பும் கட்டுமானக் கருவிகளை இயக்கவே கூடாது. இதற்கு டெசிபல் கணக்குத் தேவையில்லை, கருவி ஓடியது என்பதே மீறல். அவசர எண்ணுக்கு அழைத்தபோதெல்லாம் ரோந்து வாகனம் வந்தது, வண்டி நின்றது, ரோந்து போனதும் மீண்டும் ஓடியது. நேரம் தெரியும்படி எடுத்த காணொளிகளுடனும், அந்தத் திருத்தத்தின் வாசகத்துடனும் எழுத்துப்பூர்வமாகக் காவல்துறை உயர் அலுவலரிடம் மனுக் கொடுத்து ரசீது பெற்ற பிறகுதான் பத்து மணி என்பது தளத்தில் உண்மையிலேயே பத்து மணி ஆயிற்று. "இரவில் தூங்க முடியவில்லை" என்று எழுதிய முந்தைய மனுக்களுக்குக் கிடைக்காத கவனம், விதியையும் நேரத்தையும் குறிப்பிட்ட ஒரு பக்க மனுவுக்குக் கிடைத்தது.

கூரைத் தளக் கான்கிரீட் போடும் நாள்களை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுத்தோம். தளத்தைப் பாதியில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாமல் அந்த இடம் பலவீனமாகிவிடும். ரெடிமிக்ஸ் லாரியில் ஏற்றிய கலவையையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். லாரி எங்காவது நெரிசலில் மாட்டிக்கொண்டால் வேலை பத்து மணியைத் தாண்டத்தான் செய்யும். முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும், காலையிலேயே தொடங்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளை வைத்தோம். ஒருமுறை தவிர அவர்கள் அதைக் கடைப்பிடித்தார்கள். சட்டப்படி இதைக்கூட நாங்கள் அனுமதித்திருக்க வேண்டியதில்லை என்று தெருவில் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்த விட்டுக்கொடுப்பு இல்லாமல் மற்றவற்றை வாங்கியிருக்க முடியாது என்பது என் கணிப்பு.

தூசி விஷயத்தில் அரை வெற்றிதான். பச்சை வலையைச் சாலைப் பக்கம் மட்டும் கட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருப்பதைச் சொல்லி எங்கள் பக்கமும் கட்ட வைத்தோம். எம்-சாண்டைக் கொட்டும்போது தண்ணீர் தெளிப்பதாக ஒப்புக்கொண்டு, மேஸ்திரி இருக்கும் நாளில் தெளித்தார்கள், இல்லாத நாளில் விட்டுவிட்டார்கள். டைல்ஸ் அறுக்கும் மாதங்களில் தெற்குச் சன்னல்களை மூடியே வைத்திருந்தோம்.

மிக எளிதாகத் தீர்ந்தது சாக்கடைப் பிரச்சினை. குழியிலிருந்து எடுத்த செம்மண்ணைத் தெருவோரம் குவித்ததில், ஒரு மழைக்கே கால்வாய் அடைத்துக்கொண்டது. கட்டடக் கழிவுகளைத் தன் மனைக்குள்தான் வைத்திருக்க வேண்டும், சாலையையோ வடிகாலையோ அடைக்கக் கூடாது என்று அப்போது நடைமுறையில் இருந்த 2016-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. அதைக் குறிப்பிட்டு மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் படத்துடன் மனுக் கொடுத்ததும் மண் அப்புறப்படுத்தப்பட்டது. தெருவில் எல்லோருக்கும் தெரியும் குறை என்பதால் அது சீக்கிரம் அசைந்ததாக நினைக்கிறேன்; நம் சுவருக்குள் இருக்கும் குறைக்கு அந்த வேகம் கிடைப்பதில்லை.

கடைசியாக இழப்பீடு. குழிக்குள் மண் சரிந்ததில் சுற்றுச்சுவர் தெற்கே சாய்ந்திருந்தது. பக்கத்து நிலத்தின் தாங்குதலை இருபது ஆண்டுகள் இடையூறின்றி அனுபவித்த கட்டடத்துக்கு அந்தத் தாங்குதலில் உரிமை உண்டு என்று 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் சொல்வதை வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். வழக்குப் போடாமலேயே அந்த ஒரு வரி உதவியது. அடித்தள வேலை முடிந்த உடனேயே ஒரு தொகையைக் கையில் கொடுத்து முடிக்கப் பார்த்தார்கள். எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற பொறியாளரின் யோசனைப்படி அதை ஏற்கவில்லை. கட்டடத்தின் முழு எடையும் இறங்கி, ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்த பின்புதான் விரிசல்கள் எந்த அளவில் நிற்கின்றன என்று தெரியும். அதற்கு முன் பூசினால் பூச்சு மீண்டும் பிளக்கும். சுற்றுச்சுவரை உடனே தூண் நிறுத்திக் கட்டித் தருவது, விரிசல்களை மழைக்காலம் முடிந்து சரிசெய்வது என்று நிறுவனத்தின் கடிதத் தாளில் எழுதி, முத்திரையுடன் கையொப்பம் வாங்கினோம்.

இரண்டையும் செய்து கொடுத்தார்கள். விரிசலை வெட்டி நிரப்பிப் பூசிய இடங்களுக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டுப் போனதால், முழு அறைக்கும் வண்ணம் அடிக்கும் செலவு எங்களுடையதாயிற்று. அது கடிதத்தில் எழுதப்படவில்லை.