விதி வேண்டியிருந்த மனிதர்

2025 ஜூலை 6, ஞாயிறு

கச்சான் காற்று பகல் முழுதும் புழுதியை வாரி இறைத்ததால், உவர்மலை வீட்டு யன்னல்களைச் சாத்திவிட்டு, 2020இல் வெளிவந்த 'டெவ்ஸ்' தொடரை மறுபடியும் பார்க்கத் தொடங்கினேன். அலெக்ஸ் கார்லண்ட் எழுதி இயக்கிய தொடர். எட்டே பாகங்கள், ஆனால் ஒருவர் பேசி முடித்து மற்றவர் வாய் திறப்பதற்குள் கையிலுள்ள தேநீர் ஆறிவிடும். முதல்முறை கதையில் வரும் கொலையின் மர்மத்துக்குப் பின்னாலேயே ஓடிவிட்டேன். இம்முறை யார் எதற்காக எதைச் செய்கிறார்கள் என்பதை மட்டும் கவனிக்கப் போகிறேன்.

ஜூலை 9, புதன்

நிறுவனத் தலைவர் பொரெஸ்ட், கடந்ததையும் வரப்போவதையும் திரையில் காட்டும் குவாண்டம் கணினியொன்றைக் கட்டியிருக்கிறார். அவரது வளாகத்தில், மரங்களின் தலைக்கு மேலே, இறந்துபோன மகள் அமாயாவின் பெருஞ்சிலை நிற்கிறது. அதைப் பார்த்து, மகளை மீண்டும் காணும் ஏக்கமே அவரை இயக்குகிறது என்று முன்னர் நினைத்திருந்தேன். அது பாதிதான். மனைவி மகளோடு காரோட்டி வந்துகொண்டிருந்த வேளையில் அவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர் பொரெஸ்ட். பேச்சின் நடுவேதான் விபத்து. எல்லாமே முன்கூட்டித் தீர்ந்தவை என்று கணினி நிறுவிவிட்டால், அந்த அழைப்பும் அவர் செய்ததாகாது. அவருக்கு வேண்டியது மகள் மட்டுமல்ல, விடுதலைத் தீர்ப்பும்தான்.

இப்படிப் பார்த்தால்தான் பொரெஸ்டிடம் வேலை செய்த இளம் பொறியாளன் லின்டனின் பதவி பறிபோனது விளங்குகிறது. அந்தக் கணினியின் தெளிவில்லாத ஒலியைத் துலங்கச் செய்தவன் அந்தப் பொடியன். ஆனால் அதற்கு அவன் கையாண்டது, 1957இல் ஹியூ எவரெட் முன்வைத்த பல்லுலகக் கோட்பாடு; நடக்கக்கூடிய ஒவ்வொன்றும் ஏதோவொரு உலகில் நடந்தேறுகிறது என்பது அது. வேலை செய்யாத இயந்திரத்தை வேலை செய்ய வைத்தவனை எந்த முதலாளியாவது துரத்துவாரா? பல உலகங்கள் உண்டென்றால், திரையில் வருவது யாரோ ஒரு அமாயா. ஒரு மயிரிழை வேறுபட்டாலும் தன் பிள்ளை அல்ல. அதைவிடக் கொடியது, தொலைபேசியை வைத்துவிட்ட ஒரு பொரெஸ்டும் எங்கோ இருக்கிறார் என்பது.

ஜூலை 12, சனி

சின்னம்மா முருங்கையிலை ஆய்ந்தபடி பக்கத்தில் இருந்தார். ஆங்கிலம் புரியாததால் விபத்துக் காட்சியை நானே விளக்கினேன். இலை உருவிய விரல்கள் நின்றன. "அந்த மனுசன் ரெலிபோனை வைச்சிருந்தா, தம்பி?" என்றார். 2004 மார்கழி 26 காலையில் மீன் வாங்கிவரத் தம்பியைக் கடற்கரைக்கு அனுப்பியவர் அவர். இருபது ஆண்டுகளாக அதைப் பற்றி ஒரே சொல்தான் சொல்லியிருக்கிறார்: விதி. நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

கடைசிப் பாகம். கதாநாயகி லில்லி பொரெஸ்டை லிப்டுக்குள் சுடுவாள் என்று கணினி காட்டியிருக்க, அவளோ கதவு மூடுமுன் துப்பாக்கியை வெளியே எறிந்துவிடுகிறாள். இந்த மீறலுக்கு அவளுடைய மனத்தில் போதிய வித்து இடப்படவில்லை என்பது என் குறை. காதலனின் சாவைத் துருவுபவள் என்பதற்கு மேல் அவளை நமக்கு அதிகம் காட்டவில்லை. ஆயினும் அடி விழுவது பொரெஸ்டின் மீது. அவளால் எறிய முடிந்தது என்றால், அவராலும் அன்று பேச்சை முடித்திருக்க முடியும்.

முடிவு என்னவென்று சின்னம்மா கேட்டார். லிப்ட் விழுந்து அந்த மனுசன் செத்துப்போனார் என்று மட்டும் சொன்னேன்.