மாடியறைக்கு வைஃபை: ரிப்பீட்டரை விட்டுவிட்டு கேபிள் இழுத்த அனுபவம்

எங்கள் வீட்டு நெட் பிளான் 200 எம்பிபிஎஸ். ரவுட்டர் கீழே ஹாலில், டிவி அலமாரிக்குள். மாடியறையில் வீடியோ கால் போட்டால் படம் அப்படியே நின்றுவிடும். பிளானை உயர்த்தும் முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கோளாறு வெளி லைனிலா, வீட்டுக்குள் வைஃபையிலா?

மாடியறை லேப்டாப்பில் இரண்டு பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டோம். ஒன்று ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1. இன்னொன்று வெளியே கூகுளின் சர்வருக்கு, 8.8.8.8. ரவுட்டரிடமிருந்து வரும் பதிலே 300 மில்லிசெகண்டுக்கு ஏறியது, நடுநடுவே வராமலும் போனது. ஆக, கோளாறு வைஃபையில். ரவுட்டர் 2, 3 மில்லிசெகண்டில் பதில் தந்து, வெளிப் பதில் மட்டும் விட்டுப்போனால்தான் லைன்காரரைக் கூப்பிட வேண்டும்.

போனில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். வைஃபை அனலைசர் ஆப்பில் டிபிஎம் அளவைப் பாருங்கள்; அது சிக்னலின் பலம், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 67 அல்லது அதைவிட நல்ல அளவு இருந்தால் வீடியோ கால் தாங்கும். மாடியில் கிடைத்தது மைனஸ் 82. நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் ஒரு ஸ்டீல் பீரோவும் இருந்தன.

காசு செலவில்லாத வேலைகளை முதலில் முடித்தோம். ரவுட்டரை அலமாரியிலிருந்து எடுத்து மாடிப்படிப் பக்கச் சுவரில் உயரமாக மாட்டினோம். அப்போது ஃபைபர் ஒயரைச் சுருக்கென்று மடித்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சானல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20 ஆக்கி, கூட்டம் குறைந்த 11-ஆம் சானலை வைத்தோம். 1, 6, 11 இவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். 3, 4 என்று நடுவில் வைத்தால் இருபக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். இவ்வளவும் செய்து மைனஸ் 74.

ரிப்பீட்டர் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். விலை குறைந்தவை ஒரே ரேடியோவில் சிக்னலை வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். அதற்குப் பதில் கீழிருந்து மாடிக்கு 20 மீட்டர் கேட்6 நெட்வொர்க் கேபிள், மாடி முனையில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர். கேபிள் முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். நுனியைச் சுரண்டினால் வெள்ளை தெரிந்தால் அது செம்புப் பூச்சிட்ட அலுமினியம், சீக்கிரம் ஒடியும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்க்காமல் தனி கேசிங்கில் கொண்டுபோனோம்.

கிரிம்ப் செய்யும் (ஒயர்களைக் கனெக்டரில் அழுத்திப் பொருத்தும்) வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசைதான். முதல் தடவை ஸ்பீடு டெஸ்ட் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவே இல்லை. இந்த எண்ணைப் பார்த்ததும் கனெக்டரைச் சந்தேகிக்கலாம்: கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு நான்கு ஒயர் ஜோடியும் வேண்டும், ஆரஞ்சும் பச்சையும் மட்டும் சேர்ந்திருந்தால் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும். பழுப்பு ஒயர் கனெக்டரின் முனைவரை போகவில்லை. வெட்டி, புது கனெக்டர் போட்டதும் சரியானது.

பழைய ரவுட்டரை, கேபிள் சொருகுவதற்கு முன்பே, தனியாக லேப்டாப்பில் இணைத்துத் தயார் செய்ய வேண்டும். அதன் ஐபியை (நெட்வொர்க் முகவரியை) 192.168.1.2 என்று மாற்றி, அந்த எண்ணைக் கீழ் ரவுட்டர் வேறு எதற்கும் கொடுக்காதபடி பார்த்துக்கொண்டு, பிறகு டிஹெச்சிபியை (மற்றக் கருவிகளுக்குத் தானாக ஐபி வழங்கும் வசதியை) அணைக்க வேண்டும். மறந்தால் இரண்டும் ஐபி வழங்க, சில போன்களில் நெட் வரும், சிலவற்றில் வராது. கேபிளை லேன் போர்ட்டில் சொருகுங்கள், வான் போர்ட்டில் அல்ல.

பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் இரண்டிலும் ஒன்றே; சானல் மட்டும் வேறு. கீழே 2.4-க்கு 11, 5 கிகாஹெர்ட்ஸுக்கு 36. மேலே அதேபோல் 1, 149. போன் மாடிக்கு வந்தும் கீழ் ரவுட்டரையே பிடித்துத் தொங்கியதால், கீழே 2.4-இன் சக்தியை நடுத்தரத்துக்குக் குறைத்தோம். இப்போது மாடியில் மைனஸ் 48.

கரண்ட் போனால் நெட் நிற்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மினி யுபிஎஸ். வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியர் இரண்டையும் படியுங்கள். கீழுள்ளது 12 வோல்ட், பழையது 9 வோல்ட். சொருகும் பின் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருந்தது. மாற்றிச் சொருகினால் பழையது கருகிவிடலாம், அதனால் ஒயர்களில் வோல்ட் எண்ணை எழுதி ஒட்டிவிட்டோம்.